கன்டெய்னர் வரிசையில் கேட்ட பாடம்

ஸ்டாஃப் ரூமில் ஒரு பிள்ளையின் பேரைச் சொன்னதும், "அதுவா? அப்பா அம்மா பிரிஞ்சது. அம்மா வேற கல்யாணம் பண்ணிக்கிச்சு. அது எங்க படிக்கப்போவுது" என்று யாராவது ஆரம்பித்தால், கையில் இருக்கும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுங்கள். மரியாதை தெரியாதவர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ராயபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே மாலை போட்டு அனுப்பப்பட்டவள் நான். அந்த ஒரு பேச்சை எத்தனை பிள்ளைகள் தலையில் எழுதிவிட்டோம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

பாடம் நடத்துவது எப்படி என்று, புதிதாக டீச்சர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, செல்போனில் என்னென்னவோ வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது, இரண்டு வீடுகளுக்கு நடுவில் போய்வந்துகொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி. அவர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் எங்கள் ஹெட்மாஸ்டர். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போன் போட்டுத் திட்டுவார். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மேடையில் நல்ல தமிழ் பேசுவார். விஷயம் முக்கியமாகிவிட்டால் ஊர் பாஷைக்கு இறங்கிவிடுவார். அவர் ஊர் பாஷை பேச ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் வாரத்தின் முதல் நாளில் கணக்குப் புத்தகம் இல்லாமலேயே வருவான். கணக்கு டீச்சர் அவனை வெளியே நிறுத்துவார். ஒருநாள் ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் வந்தவர், ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்கவில்லை. "புக்கு எங்கடா கீது?" என்றார். "தண்டையார்பேட்டைல, எங்கப்பா வூட்ல சார்." "நீ எங்கேர்ந்து வர்ற?" "திருவொற்றியூர்லேர்ந்து, எங்கம்மா வூட்லேர்ந்து சார்." அவ்வளவுதான். பழைய புத்தகங்கள் இருந்த அலமாரியைத் திறந்து ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து வகுப்பு ஜன்னலில் வைத்தார். "இது இங்கேயே இருக்கட்டும். எவனும் தூக்கினு போவக்கூடாது." அந்தப் பையன் அதற்குப் பிறகு வெளியே நிற்கவில்லை. கணக்கு டீச்சருக்குத்தான் இரண்டு நாள் முகம் சரியில்லை.

இது எளிய விஷயம். புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வந்துவிடும். படிப்பே காணாமல் போனால் என்ன செய்வது? யாமினி விஷயத்தில் எனக்கு அதுதான் நடந்தது.

யாமினி ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். அவள் அப்பா ஏழுமலைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. அம்மா லதா தண்டையார்பேட்டையில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை செய்தாள். இரண்டு பேருக்கும் ஒத்துவராமல் கோர்ட்டில் முறையாகப் பிரிந்திருந்தார்கள். பிள்ளை அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவிடம் என்று ஏற்பாடு. ஏழுமலை ராயபுரத்தில் தன் அக்கா வீட்டோடு தங்கிக்கொண்டார். அந்த அக்காவின் மகள் கீர்த்தியும் என் வகுப்புதான். யாமினிக்கு அத்தை மகள், பக்கத்து இடத்துக்காரி. வகுப்பில் யாமினி தும்மினால் சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

பள்ளி திறந்தபோது யாமினி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள் என்றால் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார், அப்படி ஒரு குரல். தெரியாத வார்த்தை வந்தால் அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவாள். ஆவணியில் லதா, சேகர் என்கிற கன்டெய்னர் லாரி டிரைவரை மறுமணம் செய்துகொண்டு திருவொற்றியூருக்குக் குடிபோனாள். தீபாவளி விடுமுறை முடிந்து வந்த யாமினி வேறு பிள்ளையாக இருந்தாள். படி என்றால் எழுந்து நிற்பாள். புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறப்பாள். உதட்டை இறுக்கிக்கொண்டு அப்படியே நிற்பாள். திட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன், பேசாமல் விட்டுப் பார்த்தேன். பரீட்சையில் இரண்டு வரி எழுதிவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். அரையாண்டில் வகுப்பிலேயே கடைசி.

நான் மேலே சொன்ன அந்தப் பேச்சு ஸ்டாஃப் ரூமில் ஓட ஆரம்பித்தது. புது அப்பன் என்ன செய்கிறானோ என்று ஒருத்தர் இழுத்தார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? பெண்பிள்ளை பேசாமல் போனால் எந்த டீச்சருக்கும் அதுதான் முதலில் தோன்றும். தனியாகக் கூப்பிட்டு எத்தனையோ விதமாகக் கேட்டேன். "வூட்ல ஒண்ணும் இல்ல டீச்சர், நல்லாத்தான் கீறோம்" என்று என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனால் படிக்கவும் மாட்டேன் என்றாள். ஒரே ஒரு நாள், கீர்த்தி காய்ச்சலில் வராத அன்று, நான் ஏதோ சொன்னதற்கு யாமினி பழையபடி வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல சகுனம் என்று நினைத்ததோடு சரி, இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை ஏழுமலை தன் அக்காவோடு பள்ளிக்கு வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கைலி முழங்கால் வரைக்கும் ஈரம்.

"டீச்சர், வக்கீலாண்ட பேசிட்டேன். புள்ளைய என்கூட இட்டுகினு வர்றதுக்கு கேஸ் போடப் போறேன். அந்த வூட்டுக்குப் போனதுலேர்ந்து எம்பொண்ணு ஊமையாயிட்டா, படிப்பு பூட்ச்சின்னு நீங்கோ ஒரு வார்த்தை சொன்னா போதும்னாரு."

"சொம்மா ஒண்ணும் கேக்கல" என்று அக்கா சேர்ந்துகொண்டார். "நடந்தத சொல்லுங்கோ. எங்க கீர்த்திதான் தெனமும் வந்து சொல்லுதே, வாயே தொறக்கறதில்லன்னு."

கவனியுங்கள், அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மறுமணம் நடந்தது, பிள்ளை பேச்சை நிறுத்தியது, மார்க் போனது, மூன்றும் உண்மை. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைத் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தையால் யாமினி அம்மாவை விட்டுப் பிரிய நேரலாம் என்பது மட்டும்தான் என்னை உறுத்தியது. ஏழுமலை எதிரில் இருந்த நாற்காலியில்கூட உட்காராமல் நின்றுகொண்டு என் வாயையே பார்த்தார். நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை வாப்பா" என்றார் அவர். "டீச்சர் பாத்துட்டு சொல்லுவாங்க."

"இன்னாத்த பாக்கறது சார்? அதான் கண்ணெதிர கீதே."

"வெள்ளிக்கிழமை வா" என்று இரண்டாம் முறை சொன்னார். அவர்கள் போன பிறகு என்னிடம், "நீங்கோ எதுவும் சொல்லிடாதீங்க டீச்சர். தெரியலன்னா தெரியலன்னே நில்லுங்கோ, அதுல ஒண்ணும் கௌரவம் போவாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவருக்கு நான் நன்றி சொல்கிறேன். அவசரப்பட்டுக் கேட்பவர்களுக்கு அவசரமாகப் பதில் சொல்வதுதான் நம் தொழிலில் எளிதாகச் செய்துவிடக்கூடிய தப்பு. எதிரில் ஒரு தகப்பன் நின்றுகொண்டிருக்கும்போது தெரியவில்லை என்று சொல்ல வாயே வராது.

மறுநாள் புதன்கிழமை காலையில் வழக்கம்போல பஸ் ஏறினேன். எனக்கும் வீடு திருவொற்றியூர் தாண்டித்தான். கடலோரமாக வரும் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், துறைமுகக் கேட்டுக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் எண்ணூர்ப் பக்கத்திலிருந்தே வரிசை கட்டி நிற்கும். சில நாள் ராத்திரி வந்த வண்டி விடிந்த பிறகும் அதே இடத்தில் நிற்கும். டிரைவர்கள் அங்கேயே பல் விளக்கி, அங்கேயே சாப்பிட்டு, ஒரு வண்டி நீளம் நகர்ந்தால் அதற்கே சந்தோஷப்படுவார்கள். அன்றைக்கு வரிசைக்குப் பக்கத்தில் எங்கள் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. என் ஜன்னலை ஒட்டி ஒரு லாரி. கையை நீட்டினால் அதன் கதவைத் தொட்டுவிடலாம்.

அந்த லாரிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை பாடம் படிக்கும் குரல் வந்தது.

"காந்தத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டால், அது எப்போதும் வடக்கு தெற்காகவே நிற்கும்."

என் வகுப்பு அறிவியல் பாடம். நான் அந்த வாரம் நடத்திக்கொண்டிருந்த பாடம். எட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கண் இரண்டும் சிவந்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் செல்போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது.

"அப்ப நம்ப ராயபுரத்துல தொங்கவுட்டா?" என்று கேட்டார் அவர்.

போனில் சிரிப்பு. "எங்க தொங்கவுட்டாலும் அப்டிதான் நிக்கும், சேகர்ப்பா! தூங்கினு கேக்கிறியா?"

"தூங்கல, தூங்கல. இன்னொரு தபா படி. கண்ணு சொக்குது."

அவள் இன்னொரு முறை படித்தாள். ஒரு வார்த்தைகூடத் தாண்டவில்லை. தீபாவளிக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு நாளும் கேட்காத அந்தக் குரல், ரோட்டில் இருந்த அத்தனை ஹாரனையும் மீறிக்கொண்டு கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "யாருப்பா படிக்கிறது?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டேன்.

"எம்பொண்ணுங்க" என்றார் சேகர், ரொம்பப் பெருமையாக. "நைட்லேர்ந்து லைன்ல கீறேன். ரவ கண்ணசந்தா போதும், பின்னாடி கீறவன் மூக்க நொழைச்சிடுவான். அப்பறம் கேட்டாண்ட போறதுக்குள்ள பேஜாரு. அத்தொட்டு தெனம் காலைல அவங்கம்மா போன்லேர்ந்து பாப்பா படிச்சிக் காட்டும். நான் அஞ்சாவதோட நின்னவன், நமக்கு இன்னா புரியும்? ஆனா அது படிச்சா தூக்கம் வராது."

போனில் சத்தம் இல்லை. "பாப்பா? பாப்பா... லைன்ல கீறியா?" என்றார். லைன் துண்டிக்கப்பட்டிருந்தது. என் குரல் அவளுக்குக் கேட்டுவிட்டது. நான் யார் என்று அவரிடம் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

பள்ளியில் பெல் அடிப்பதற்கு முன்பே, உள்ரோட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த யாமினி தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"டீச்சர், அது நானில்ல."

"எது?"

"லாரில படிச்சது."

"சரி, நீ இல்லை" என்றேன். "யாரோ ஒரு பொண்ணு. ரொம்ப நல்லாப் படிச்சா. அவ என் வகுப்புல மட்டும் ஏன் படிக்க மாட்டேங்கிறான்னு உனக்குத் தெரியுமா?"

காலால் தரையைத் தேய்த்தாள். பிறகு அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஏழுமலை அவளுக்காக வஞ்சிர மீன் வாங்கி வந்து வறுக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அங்கே கிடந்த கீர்த்தியின் கதைப் புத்தகத்தை எடுத்து யாமினி தடதடவென்று படித்துக் காட்டியிருக்கிறாள். ஏழுமலைக்கு வாயெல்லாம் பல். "யாரு கண்ணு உனக்கு இப்டி சொல்லிக்குட்த்தாங்க?" என்று கேட்டிருக்கிறார். இவள் மனசில் எந்தக் களங்கமும் இல்லாமல், "சேகர்ப்பாவுக்கு தெனம் படிச்சிக் காட்டறேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

"அப்பா தட்ட அப்டியே வெச்சிட்டு எழுந்து பூட்டாரு டீச்சர். துன்னவே இல்ல. எனக்காக வாங்கினு வந்த வஞ்சிரம். அத்த என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. அப்பா துன்னாமலே ஐஸ் ஏத்தப் பூட்டாரு."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் கீர்த்தி புக்கு குட்த்து படின்னா. எனக்கு வராதுன்னுட்டேன். அன்னிக்கு அப்பா நல்லா துன்னாரு டீச்சர். எனக்கும் ஊட்டிவுட்டாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இங்க நான் படிச்சா கீர்த்தி போய்ச் சொல்லிடும். அப்பறம் அப்பா துன்னமாட்டாரு."

நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து, படிப்பு ஏறாத பிள்ளை என்று அவளை முடிவுகட்டி வைத்திருந்தோம். பதினொரு வயதுப் பிள்ளை தன் படிப்பைக் கொடுத்து அப்பாவைச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தது. அதற்காகக் கடைசி மார்க்கையும் திட்டையும் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறது. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அப்பா வெள்ளிக்கிழமை வருகிறார், உன்னைக் கூட்டிப்போக வழக்குப் போடப் போகிறார் என்பதை அவளிடம் பக்குவமாகச் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது. "அப்பாகிட்ட நான் ஒரு விஷயம் பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"சொன்னா துன்னமாட்டாரு டீச்சர்."

"சாப்பிடலைன்னா நானே ஊட்டிவிடறேன்."

அந்த அழுகையிலும் சிரித்துவிட்டாள். ரொம்ப யோசித்துவிட்டு, "எனக்குப் படிக்க வரும்னு சொல்லுங்க. ஏன் படிக்கலன்னும் சொல்லுங்க. ஆனா சேகர்ப்பா லைன்ல தூங்குவாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அத்த கிண்டல் பண்ணும்" என்றாள். பிள்ளைகள் ரகசியம் சொன்னால், அதில் எவ்வளவு வெளியே போகலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் போடும் கணக்கு நம்முடையதைவிட நியாயமாகவே இருக்கும். அவள் சொல்ல வேண்டாம் என்றதை நான் இன்றுவரை ஏழுமலையிடம் சொல்லவில்லை.

ஹெட்மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மேசையைத் துடைத்தார். "கேஸப் பத்திப் பேசாதீங்க டீச்சர். சோத்தப் பத்தி மட்டும் பேசுங்கோ. அந்த அக்காவ நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். "வாம்மா, கீர்த்தி விஷயமா உன்னாண்ட ரவ பேசணும்" என்று ஹெட்மாஸ்டர் அக்காவைத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நானும் ஏழுமலையும் காலி வகுப்பறையில் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் விரல்கள் ஐஸில் கிடந்து கிடந்து வீங்கிப்போயிருந்தன.

"உங்க பொண்ணுக்குப் படிக்க வருது ஏழுமலை. வகுப்புலேயே அவதான் நல்லாப் படிப்பா."

"அப்ப இன்னாத்துக்குப் படிக்கமாட்டேங்குது? அந்த வூட்ல எதுனா..."

"அந்த வீட்டுல ஒண்ணும் இல்லை. தீபாவளிக்கு முன்னாடி வஞ்சிரம் வாங்கிட்டுப் போனீங்களே, அன்னைக்கு நீங்க சாப்பிடாம எழுந்து போனீங்க. தான் படிச்சதாலதான் அப்பா பட்டினின்னு அவ நினைச்சுக்கிட்டா. அடுத்த வாரம் படிக்க வராதுன்னு சொன்னா, நீங்க சாப்பிட்டீங்க. அன்னையிலேர்ந்து உங்க காதுக்கு எட்டற எந்த இடத்துலயும் அவ படிக்கிறதில்லை."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்றும் நினைத்தேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நான் கோவத்துல எழுந்து போவல டீச்சர். அது அவன அப்பான்னுச்சா, எனக்கு அழுகை முட்டிக்கினு வந்துச்சு. புள்ள எதிர்ல அழக்கூடாதுன்னு பூட்டேன். சோறு எறங்கல. அவ்ளோதான்."

"அது அவளுக்கு எப்படித் தெரியும்? தட்டுல சோறு இருந்ததுதான் தெரிஞ்சுது."

வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நான் இப்ப இன்னா பண்ணணும்?" என்று கேட்டார்.

இத்தனை வருட அனுபவத்தில் ஏதாவது ஒரு பதில் என்னிடம் இருந்திருக்க வேண்டும். இல்லை. "எனக்குத் தெரியலை ஏழுமலை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். வராந்தாவில் அக்கா, "இன்னா சொன்னாங்க? சொன்னாங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "வாக்கா, போலாம்" என்றார். அவ்வளவுதான். வழக்குப் போடுவாரா மாட்டாரா என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. பிள்ளையின் ரகசியத்தைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று சமையல் செய்யும்போதெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பிரிந்தால் பிள்ளை படிப்பு கெடும், மறுமணம் என்றால் இன்னும் கெடும் என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்வதில்லை. கெட்டுப்போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அடிக்கிற வீடும் உண்டு, கவனிக்காத வீடும் உண்டு. அதற்கெல்லாம் நாம்தான் வாயைத் திறக்க வேண்டும். ஆனால் யாமினிக்கு அந்தப் புது வீட்டில்தான் தினமும் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்தார். படிப்பு வளர்ந்தது அங்கே. அதை எந்த வீட்டில் காட்டலாம், எந்த வீட்டில் ஒளிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குச் சிக்கலாக இருந்தது. இரண்டு அப்பாக்களும் நல்லவர்களாக இருந்தது அவள் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டமும்கூட. முன்பின் தெரியாத என்னிடம் பெருமையாக வாயைத் திறந்த சேகருக்கும், அழுகை வந்தது என்று கூச்சப்படாமல் ஒப்புக்கொண்ட ஏழுமலைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்களிடம் கற்றதை வைத்துத்தான் மிச்ச வருடங்களை ஓட்டினேன்.

அடுத்த வாரம் ஒருநாள் முதல் பீரியட். வருகைப் பதிவு எடுத்து முடித்திருந்தேன். வராந்தாவில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஏழுமலை. அதே ஈரக் கைலி. கையில் செய்தித்தாளில் மடித்த பொட்டலம்.

"டீச்சர், கேஸ் வாணாம்னு வக்கீலாண்ட சொல்லிட்டேன். நான் இப்டி வாசலாண்ட குந்தி நாஷ்டா துன்னலாமா?"

வகுப்பு நடக்கும்போது பெற்றோர் வாசலில் உட்கார்ந்து சாப்பிட எந்தப் பள்ளியிலும் அனுமதி கிடையாது. "உட்காருங்க" என்றேன்.

கதவுக்கு நேராக, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்படி சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வாழையிலையில் இட்லி, வடகறி. வகுப்பே திரும்பிப் பார்த்தது. கீர்த்தி வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். யாமினி பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

ஏழுமலை ஒரு விள்ளல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். மகளைப் பார்த்தார். "படி கண்ணு. அப்பா துன்றேன் பாரு."

யாமினி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். எழுந்தாள், புத்தகத்தைத் திறந்தாள். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. ஏழுமலை அடுத்த விள்ளலை வாயில் போட்டார். இரண்டாவது வரி கொஞ்சம் கேட்டது. அவர் கன்னம் நனைந்துகொண்டிருந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டார், ஆனால் வாய் நிற்கவில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் புத்தகத்துக்கு மேலே கண்ணை உயர்த்தி அவர் சாப்பிடுகிறாரா என்று பார்த்தாள். அவர் சாப்பிட்டார். அவள் குரல் ஏறியது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

ஒரு பக்கம் முடிந்தபோது வடகறியும் தீர்ந்துவிட்டது. ஏழுமலை வெறும் இலையைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். "இன்னும் கீதா?"

"இன்னும் ரெண்டு பக்கம் கீதுப்பா."

அவர் காலி இலையையும் என்னையும் பார்த்துத் திருதிருவென விழித்தார். நான் என் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டுபோய், மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். யாமினி பக்கத்தைத் திருப்பினாள்.